இரண்டு சிறிய நாணயங்களுக்கு இடையே பழைய மாற்று விகிதம்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

டாலருக்கும் யூரோவுக்கும் பழைய ரேட் வேண்டுமென்று யாரும் என்னிடம் வருவதில்லை, தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடும். கானாவின் செடி என்ற நாணயத்துக்கும் ஜாம்பியாவின் குவாச்சாவுக்கும் 2006-இல் என்ன ரேட், லிதுவேனியாவின் லிட்டாஸ் ஒன்றுக்கு எத்தனை எஸ்தோனிய குரோன் என்று கேட்பவர்கள்தான் வருகிறார்கள். பழைய கணக்குப் புத்தகம் பார்ப்பவர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், அப்பா எந்தக் காலத்திலோ வெளிநாட்டில் வாங்கிய சம்பளத்தை இன்னொரு நாட்டுப் பணத்தில் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மேலிருந்து படித்தால் நல்லது, பின்னால் வருபவை முன்னால் சொன்னதை நம்பியே நிற்கின்றன.

லிட்டாஸ், குரோன் ரெண்டுக்கும் நடுவுல 1999 ரேட் தேடினேன், எங்கேயும் கிடைக்கலை. யாருமே எழுதி வைக்கலையா?

எழுதி வைக்க அப்படி ஒரு சந்தை விலை பெரிதாக இருந்ததே இல்லை. சின்ன நாணயத்தைக் கொடுத்து இன்னொரு சின்ன நாணயத்தை நேராக வாங்குபவர்கள் மிகக் குறைவு. முதலில் டாலரோ யூரோவோ வாங்கி, அதைக் கொடுத்துத்தான் அடுத்ததை வாங்குவார்கள். உலக அந்நியச் செலாவணி வணிகத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் சர்வதேசத் தீர்வு வங்கியின் 2022 கணக்குப்படி, நடக்கும் வணிகத்தில் சுமார் 88 சதவீதத்தில் ஒரு பக்கம் டாலர்தான்.

ஆகவே நீங்கள் தேடுவது எங்கோ பதிவாகித் தொலைந்துபோன விலை இல்லை. அது கணக்குப் போட்டு உண்டாக்கும் எண். யார் போட்டார்கள், எந்த இரண்டு எண்ணை வைத்துப் போட்டார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். கீழே வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

சரி, அப்போ எப்படிக் கணக்குப் போடுறது?

இரண்டு நாணயத்துக்கும் பொதுவான ஒரு மூன்றாவது நாணயத்தை எடுங்கள். ஒரு டாலருக்கு 0.3845 ஓமன் ரியால் (1986 முதல் இதேதான்), ஒரு டாலருக்கு 0.709 ஜோர்தான் தினார் (1995 முதல்). இரண்டுமே ஒரே டாலரின் விலை, அதனால் 0.3845 ரியாலும் 0.709 தினாரும் சமம். 0.709-ஐ 0.3845-ஆல் வகுத்தால் 1.844. ஒரு ரியாலுக்கு 1.844 தினார். இதைத்தான் கிராஸ் ரேட் என்கிறார்கள், குறுக்கு விகிதம் என்றும் சொல்லலாம்.

பெருக்கணுமா வகுக்கணுமான்னு ஒவ்வொரு தடவையும் குழப்பம்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். பக்கத்தில் "ஒரு டாலருக்கு இத்தனை" என்று வார்த்தையாக எழுதி வையுங்கள், அப்புறம் எந்தப் பணம் கனமானது என்று மட்டும் பாருங்கள். ஒரு டாலர் வாங்க ரியால் குறைவாகப் போதும், அப்படியென்றால் ரியால்தான் கனம், ஒரு ரியாலுக்கு ஒன்றைவிட அதிகமான தினார் வரவேண்டும். விடை 0.54 என்று வந்தால் தலைகீழாக வகுத்துவிட்டீர்கள். பட்டியல் போடும் நிறுவனங்களிலேயே சில "ஒரு டாலருக்கு இத்தனை உள்நாட்டுப் பணம்" என்றும் சில "ஒரு உள்நாட்டுப் பணத்துக்கு இத்தனை டாலர்" என்றும் தருவார்கள், அதனால் தலைப்பைப் படிக்காமல் எண்ணை எடுக்கவே கூடாது.

டாலர் வழியாப் போறதா, யூரோ வழியாப் போறதா? ரெண்டுலயும் வேற வேற விடை வருது.

அந்த நாணயங்கள் எதோடு கட்டப்பட்டிருக்கின்றனவோ அதன் வழியாகப் போங்கள். கேப் வெர்டே எஸ்குடோ ஒரு யூரோவுக்கு 110.265, மேற்கு ஆப்பிரிக்க சிஎஃப்ஏ ஃபிராங்க் ஒரு யூரோவுக்கு 655.957, இரண்டுமே மாறாத எண்கள். வகுத்தால் ஒரு எஸ்குடோவுக்கு 5.9489 ஃபிராங்க், எந்த நாள் என்றாலும் இதேதான். இதையே டாலர் வழியாகப் போட்டால், எஸ்குடோவின் டாலர் விலை காலையிலும் ஃபிராங்கின் டாலர் விலை மாலையிலும் எடுக்கப்பட்டிருக்கலாம், நடுவில் யூரோ–டாலர் நகர்ந்திருக்கும். அந்த நகர்வு உங்கள் விடைக்குள் புகுந்து, அசையாத ரேட் தினமும் லேசாக நடுங்குவதுபோலத் தெரியும். பல இணையதளங்களின் வரைபடங்களில் அந்த நடுக்கத்தைப் பார்க்கலாம், யாரும் கண்டுகொள்வதில்லை.

எதோடும் கட்டாத நாணயங்கள் என்றால் பொதுவாக டாலர்தான் சரி, அதில்தான் அதிக வணிகம். எதன் வழியாகப் போனாலும் இரண்டு எண்ணையும் ஒரே மூலத்திலிருந்து எடுங்கள். ஐரோப்பிய மத்திய வங்கியின் ரேட் மத்திய ஐரோப்பிய நேரப்படி மதியம் 2.10 வாக்கில் எடுக்கப்படுவது, அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் வெளியிடுவது நியூயார்க்கின் நண்பகல் ரேட். ஒன்றை இங்கும் மற்றதை அங்கும் எடுத்தால் சில மணிநேரம் இடைவெளி உள்ள இரண்டு உலகங்களை ஒட்டவைக்கிறீர்கள்.

நம்பகமான பழைய ரேட் எங்கே கிடைக்கும்?

முதலில் அந்தந்த நாட்டு மத்திய வங்கி. பெரும்பாலானவை தினசரி ரேட்டைத் தேதிவாரியாகத் தருகின்றன. ஐரோப்பிய மத்திய வங்கி 1999 ஜனவரி 4 முதல் தினசரி ரேட் வைத்திருக்கிறது, ஆனால் அதில் சுமார் முப்பது நாணயங்கள்தான். மாத, ஆண்டு எண்களுக்குச் சர்வதேச நாணய நிதியத்தின் புள்ளிவிவரத் தொகுப்பு இருக்கிறது, உலக வங்கியின் ஆண்டுச் சராசரித் தரவும் பெரும்பாலும் அதிலிருந்து வருவதே. ஐக்கிய நாடுகள் சபை தன் உள் கணக்குக்காக மாதந்தோறும் ஒரு ரேட் அறிவிக்கிறது. மிகச் சின்ன நாணயங்களும் அதில் இருக்கும், அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அது பிடிக்கும்.

எந்த நாணயத்தைக் கேட்டாலும் 1970 முதல் தினசரி ரேட் தருகிறேன் என்று சொல்லும் இடத்தை மட்டும் நம்பாதீர்கள். காரணம் கீழே தானாகவே தெரியவரும்.

எனக்கு வேணும்கிற நாள் ஞாயித்துக்கிழமை. என்ன பண்றது?

முந்தைய வேலைநாளின் ரேட்டை எடுப்பதே வழக்கம். சின்ன நாணயங்களில் சிக்கல் என்னவென்றால், இரண்டு நாட்டுக்கும் வேலைநாட்களே ஒன்றாக இருக்காது. ஜோர்தானில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஐரோப்பாவில் சனியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமை ஒரு பக்கம் எண் இருக்கும், மறுபக்கம் இருக்காது. இரண்டும் கிடைக்கும் கடைசிப் பொது நாளுக்குப் போய்விடுங்கள். ஒன்றுக்கு வியாழன், மற்றதற்கு வெள்ளி என்று கலக்காதீர்கள்.

இதில் நான் ரசித்த ஒரு விஷயம்: சமோவாவின் தாலாவுக்கு 2011 டிசம்பர் 30 அன்று ரேட் தேடினால் கிடைக்கவே கூடாது. சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறுவதற்காக அந்த நாடு அந்த வெள்ளிக்கிழமையையே விட்டுவிட்டு, வியாழனிலிருந்து நேராகச் சனிக்குப் போய்விட்டது.

வருஷ சராசரி ரேட்டைத் திருப்பிப் போட்டா எதிர்த்திசை சராசரி வருமா?

வராது. அரை வருடம் ஒன்றுக்கு 2, அடுத்த அரை வருடம் ஒன்றுக்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 3, திருப்பினால் 0.333. ஆனால் எதிர்த்திசையில் தனியாகப் பார்த்தால் 0.5-உம் 0.25-உம், சராசரி 0.375. இரண்டு எண்ணும் சரி, இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள். அதேபோல இரண்டு டாலர் சராசரிகளை வகுத்து வரும் கிராஸ் ரேட்டும், தினசரி கிராஸ் ரேட்டுகளின் சராசரியும் ஒன்றாக இருக்காது. ரேட் அமைதியாக இருந்த ஆண்டில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, ஆனால் நாணயம் சரிந்த ஆண்டில் பெரிதாக இடிக்கும். முடிந்தால் தினசரி எண்களில் தொடங்குங்கள்.

லிட்டாஸும் பெக், குரோனும் பெக். ரெண்டுமே அசையாதப்போ நடுவுல ரேட் எப்படி ஆடும்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பெக் என்றால் ஒரு நாணயத்தை இன்னொன்றோடு கட்டிப்போடுவது. எதோடு கட்டியது என்பதுதான் இங்கே விஷயம். எஸ்தோனியா 1992-இல் 8 குரோனுக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று கட்டியது, மார்க் யூரோவுக்குள் போனதும் அது ஒரு யூரோவுக்கு 15.6466 குரோன் ஆனது (ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க், அதை எட்டால் பெருக்கிப் பாருங்கள்). லிதுவேனியா 1994-இல் ஒரு டாலருக்கு 4 லிட்டாஸ் என்று கட்டியது. கப்பல் இரண்டும் நங்கூரம் போட்டுத்தான் நிற்கின்றன, ஆனால் ஒன்று யூரோவில், இன்னொன்று டாலரில். அந்த நங்கூரங்களே நகர்ந்தன.

எண்ணாகப் பார்ப்போம். 1999 ஜனவரி 4 அன்று ஒரு யூரோ 1.1789 டாலர், அதாவது 4.7156 லிட்டாஸ். 15.6466-ஐ அதனால் வகுத்தால் ஒரு லிட்டாஸுக்கு 3.32 குரோன். 2000 அக்டோபர் 26 அன்று யூரோ 0.8252 டாலருக்கு விழுந்தது, அதாவது 3.3008 லிட்டாஸ். இப்போது ஒரு லிட்டாஸுக்கு 4.74 குரோன். இரண்டு வருடத்துக்குள் 43 சதவீத மாற்றம், இத்தனைக்கும் இரண்டு மத்திய வங்கியும் தங்கள் அறிவிப்பில் ஒரு தசமத்தைக்கூட மாற்றவில்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவில் வியாபாரம் செய்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு 2002 பிப்ரவரி 2 அன்று லிதுவேனியா டாலரை விட்டு யூரோவுக்கு மாறி, ஒரு யூரோவுக்கு 3.4528 லிட்டாஸ் என்று கட்டியது. அன்றிலிருந்து ஒரு லிட்டாஸுக்கு 4.5316 குரோன், கோடு நேராகிவிட்டது. 2010-ஓடு குரோன் முடிந்தது, எஸ்தோனியா யூரோவுக்குப் போனது. லிட்டாஸும் 2014-ஓடு முடிந்தது.

ஆனா இன்னிக்கும் குரோனுக்கு ரேட் காட்டுற சைட் இருக்கே?

இன்றைய யூரோ ரேட்டை 15.6466-ஆல் வகுத்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். அது ஒரு கணக்கு வசதி, சந்தை விலை இல்லை.

1994 ஜனவரியில என் பட்டியல் ஒரே நாள்ல தாவுது. டைப்பிங் மிஸ்டேக்கா?

பெரும்பாலும் இல்லை. கொமோரோ ஃபிராங்கும் சிஎஃப்ஏ ஃபிராங்கும் அதற்கு முன் இரண்டுமே ஒரு பிரெஞ்சு ஃபிராங்குக்கு 50, எனவே ஒன்றுக்கு ஒன்று. 1994 ஜனவரி 12 அன்று சிஎஃப்ஏ-வை 100 ஆக்கினார்கள், கொமோரோவை 75 ஆக்கினார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் விழுந்தன, ஆனால் ஒரே அளவு விழவில்லை, அதனால் ஒரு கொமோரோ ஃபிராங்குக்கு 1.3333 சிஎஃப்ஏ. இன்றைய யூரோ எண்களை, அதாவது 655.957-ஐ 491.96775-ஆல் வகுத்தாலும் அதே 1.3333 வரும். தாவல் வட்டமான விகிதத்தில் இருந்தால் பிழை என்று அழிப்பதற்கு முன் அந்த நாளில் அரசு என்ன அறிவித்தது என்று பாருங்கள்.

செடி, குவாச்சா கதையைச் சொல்லுங்க. என் வரைபடத்துல செடி பல மடங்கு ஏறின மாதிரி இருக்கு.

இரண்டு நாடுமே சைபர் வெட்டியவை. கானா 2007 ஜூலை 1 அன்று 10,000 பழைய செடியை ஒரு புதிய செடியாக்கியது. ஜாம்பியா 2013 ஜனவரி 1 அன்று 1,000 பழைய குவாச்சாவை ஒரு புதிய குவாச்சாவாக்கியது. ஒரு செடிக்கு எத்தனை குவாச்சா என்று வரைந்தால், 2007-இல் பத்தாயிரம் மடங்கு மேலே பாயும், 2013-இல் ஆயிரம் மடங்கு கீழே விழும்.

பத்தாயிரம் மடங்கு தாவல் யார் கண்ணுக்கும் தெரியும், திருத்திவிடுவார்கள். ஆபத்து எங்கே என்றால், 2006-ஐயும் 2013-ஐயும் மட்டும் எடுத்து ஒப்பிடும்போது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்று மிச்சம் வெறும் பத்து மடங்குதான், அது நம்பக்கூடிய எண்ணாக வந்து உட்கார்ந்துவிடும். உங்கள் செடி பல மடங்கு ஏறியது அப்படித்தான். சைபரைச் சரிசெய்து பார்த்தால் அந்த ஆண்டுகளில் செடி குவாச்சாவுக்கு எதிரே இறங்கியே இருக்கிறது. தப்பிக்க நாணயக் குறியீட்டைப் பாருங்கள்: பழைய செடி ஜிஎச்சி, புதியது ஜிஎச்எஸ். பழைய குவாச்சா இசட்எம்கே, புதியது இசட்எம்டபிள்யூ. சில தரவுகள் பழைய ஆண்டுகளையும் புதிய அலகுக்கு மாற்றித் தந்திருக்கும், சில தந்திருக்காது. ஒரே கோப்பில் ஒரு நாணயத்துக்கு மாற்றியும் இன்னொன்றுக்கு மாற்றாமலும் இருந்ததை நானே பார்த்து ஒரு நாள் முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

கஜகஸ்தான் டெங்கே, கிர்கிஸ்தான் சோம், 1990 ரேட் வேணும்.

இருக்க முடியாது. சோம் வந்தது 1993 மே மாதம், டெங்கே அதே ஆண்டு நவம்பர் 15. அதற்கு முன் இரண்டு இடத்திலும் ரூபிள். யாராவது 1990-க்கு எண் தந்தால், 200 ரூபிளுக்கு ஒரு சோம், 500 ரூபிளுக்கு ஒரு டெங்கே என்ற மாற்று விகிதத்தைப் பின்னோக்கி இழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். காங்கோ இன்னும் மோசம்: 30 லட்சம் பழைய ஜயர் 1993-இல் ஒரு புதிய ஜயர் ஆனது, ஒரு லட்சம் புதிய ஜயர் 1998-இல் ஒரு காங்கோ ஃபிராங்க் ஆனது. பின்னோக்கி இழுத்தால் தசமப் புள்ளிக்குப் பிறகு சைபர்கள்தான் வரும்.

அரசாங்க ரேட்டுன்னு ஒண்ணு, வெளியில வேற ரேட்டு. எதைப் போடுறது?

மியான்மரை எடுத்துக்கொள்ளுங்கள். 1977 முதல் ஒரு எஸ்டிஆருக்கு (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) 8.50847 கியாட் என்று கட்டிவைத்திருந்தார்கள். அதனால் அதிகாரப்பூர்வமாக ஒரு டாலர் ஆறு கியாட் வாக்கில்தான். வெளியில் சுமார் எண்ணூறு. 2012 ஏப்ரல் 1 அன்று அதை விட்டு 818-இல் தொடங்கினார்கள். அன்றைக்குத் தாய்லாந்தில் ஒரு டாலர் முப்பது பாட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆக, மார்ச் மாதத்தில் அதிகாரப்பூர்வமாக ஒரு பாட்டுக்கு 0.2 கியாட், ஏப்ரலில் 26. எல்லையில் காய்கறி விற்றவருக்கு மார்ச்சிலும் ஏப்ரலிலும் பெரிதாக எதுவும் மாறியிருக்காது.

எதைப் போடுவது என்பது நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரசு இறக்குமதிக் கணக்கு, அன்றைய பட்ஜெட் என்றால் அதிகாரப்பூர்வ ரேட். ஒரு தொழிலாளியின் கூலி எவ்வளவு பெறும் என்றால் வெளிச்சந்தை ரேட். இரண்டையும் எழுதி, எது எது என்று சொல்லிவிடுவது என் பழக்கம். லெபனானிலும் இதே கதை. 1997 முதல் 2023 ஜனவரி வரை அதிகாரப்பூர்வமாக ஒரு டாலருக்கு 1507.5, கடைசி மூன்று ஆண்டுகளில் அந்த எண்ணுக்கும் நிஜத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஐஸ்லாந்து குரோனாவுக்கு 2008-க்கு அப்புறம் ஒரே எண் வருஷக்கணக்கா வருது. அதுவும் பெக்கா?

இல்லை, அது நின்றுபோன கடிகாரம். வங்கிகள் கவிழ்ந்த பிறகு, 2008 டிசம்பர் 3 அன்று ஒரு யூரோவுக்கு 290 என்ற எண்ணோடு ஐரோப்பிய மத்திய வங்கி குரோனாவுக்கு ரேட் வெளியிடுவதை நிறுத்தியது. மீண்டும் தொடங்கியது 2018 பிப்ரவரி 1. நடுவில் உள்ள ஒன்பது ஆண்டுகளுக்கு யாரோ கடைசி எண்ணையே நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்துக்கு ஐஸ்லாந்து மத்திய வங்கியின் சொந்த ரேட்டை எடுங்கள். விடுமுறை நாளுக்கு முந்தைய நாளை எடுக்கலாம் என்று மேலே சொன்னேன், அது ஓரிரு நாளுக்கு, ஒன்பது வருடத்துக்கு இல்லை.

ரெண்டு அரசாங்கமும் ரேட்டை ஒத்துக்கலைன்னா?

நடந்திருக்கிறது. 1949 செப்டம்பரில் பிரிட்டிஷ் பவுண்டு 4.03 டாலரிலிருந்து 2.80 ஆனது. இந்தியாவும் கூடவே ரூபாயைக் குறைத்து ஒரு டாலருக்கு 4.76 ஆக்கியது, பாகிஸ்தான் குறைக்க மறுத்து 3.31-லேயே நின்றது. அதுவரை ஒன்றுக்கு ஒன்று, இப்போது கணக்குப்படி 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய். இந்தியா அந்த ரேட்டை ஏற்கவில்லை, இரு நாட்டு வணிகம் ஏறத்தாழ நின்றது, 1951 பிப்ரவரியில்தான் ஏற்றுக்கொண்டார்கள். நடுவில் உள்ள மாதங்களுக்கு 1.44 என்று எழுதலாம், ஆனால் அது டாலர் வழியாக வந்த கணக்கு எண் என்ற குறிப்போடு எழுதுங்கள்.

எத்தனை தசமம் வைக்கணும்?

தசமத்தை எண்ணாதீர்கள், பொருளுள்ள இலக்கங்களை (முன்னால் நிற்கும் சைபர்களை விட்டு மிச்சம் உள்ளவற்றை) எண்ணுங்கள், குறைந்தது ஆறு வையுங்கள். ஒரு யூரோவுக்கு 655.957 ஃபிராங்க் என்பதைத் திருப்பினால் 0.00152449. நான்கு தசமம் போதும் என்று 0.0015 ஆக்கினால், திரும்பப் போடும்போது 666.67 வரும், 1.6 சதவீதம் போச்சு.

கணக்குல வந்த ரேட் அன்னிக்கு நிஜமா கையில கிடைச்சிருக்குமா?

அநேகமாகக் கிடைத்திருக்காது. நாம் எடுப்பது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண். ஜோர்தான் மத்திய வங்கியே டாலரை 0.708-க்கு வாங்கி 0.710-க்கு விற்கிறது, 0.709 அதன் நடு. சின்ன நாணயத்திலிருந்து சின்ன நாணயத்துக்குப் போனவர் இந்த இடைவெளியை இரண்டு தடவை கட்டியிருப்பார், அதுவும் மத்திய வங்கியிடம் அல்ல, அதைவிட அகலமான இடைவெளி வைக்கும் மாற்றுநரிடம். ரசீது இருந்தால் ரசீதில் உள்ளதே ரேட், நம் கணக்கு அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது.

ஆடிட்டர் கேக்குறார், எந்த ரேட் காட்டணும்?

வரி என்றால் எந்த மூலத்தை எடுக்க வேண்டும் என்று அந்தந்த நாட்டு விதியே பெரும்பாலும் சொல்லிவிடும், அதைத்தான் எடுக்க வேண்டும். சர்வதேசக் கணக்கியல் தரம் ஐஏஎஸ் 21, பரிவர்த்தனை நடந்த நாளின் ரேட்டைக் கேட்கிறது, ரேட் பெரிதாக ஆடாத காலத்துக்குச் சராசரியை விட்டுக்கொடுக்கிறது. நாணயத்தை மாற்றவே முடியாத நிலையில் என்ன செய்வது என்பதற்கான திருத்தம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மியான்மர் மாதிரி நிலைமைகளுக்கு உதவுவது அதுதான்.

விதி எதுவும் இல்லாத இடத்தில் நான் ரேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதுவேன்: எந்தத் தேதி, எந்த மூலம், எந்த நாணயம் வழியாக, நடு விலையா வாங்கும் விலையா, பழைய அலகா புதிய அலகா. அந்த வரி இருந்தால் பத்து வருடம் கழித்து வருபவர் உங்கள் எண்ணைத் தானே போட்டுப் பார்க்க முடியும்.

1985-ல அப்பா வாங்கின சம்பளம் இன்னிக்கு அந்த இன்னொரு நாட்டுப் பணத்துல எவ்வளவு பெறும்?

இது இரண்டு கேள்வி. அன்றைய ரேட்டில் மாற்றி, வந்த தொகையை அந்த இன்னொரு நாட்டின் விலைவாசிப்படி இன்றுவரை ஏற்றலாம். அல்லது முதலில் அப்பா வேலை பார்த்த நாட்டின் விலைவாசிப்படி இன்றுவரை ஏற்றி, இன்றைய ரேட்டில் மாற்றலாம். இரண்டு விடையும் ஒன்றோடொன்று பொருந்தாது, சில சமயம் மடங்குக்கணக்கில் விலகும், ஏனென்றால் மாற்று விகிதம் விலைவாசியை ஒழுங்காகப் பின்தொடர்வதில்லை. அன்று அவர் ஊருக்குப் பணம் அனுப்பியிருந்தால் முதல் வழி, அங்கேயே செலவழித்திருந்தால் இரண்டாவது வழி.